மறு: 'கோச்பில்ட்' – பழைய டச்சு லாரிகளுக்கு என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஆலை தந்த அடிச்சட்டத்தின்மேல், அந்த வண்டிக்கென்றே வேறொரு பட்டறை கேபினோ பாடியோ கட்டிய லாரியை ஆங்கிலத்தில் 'கோச்பில்ட்' (coachbuilt) என்பார்கள். அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். 'கோச்' என்பதைப் பயிற்சியாளர் என்று எடுத்துக்கொண்டு இயந்திர மொழிபெயர்ப்பு 'பயிற்சியாளர் கட்டிய லாரி' என்று தந்ததைப் பார்த்துச் சிரித்தாயிற்று. சரி, வேலைக்கு வருவோம். குழுவில் 'கைவினை உடலம்', 'வெளிக்கட்டு' என்ற இரண்டுதான் எஞ்சியிருக்கின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

டாஃப் நிறுவனம் நெதர்லாந்தின் ஐந்தோவனில் லாரி செய்யத் தொடங்கியது 1949-இல். அதற்கு முன் அவர்கள் தொழில், லாரிக்குப் பின்னால் கோத்து இழுக்கும் டிரெய்லர்கள். முதல் லாரிகளில் அடிச்சட்டம், எஞ்சின், ஏழு பட்டைகள் ஓடும் முகப்பு இவற்றோடு ஆலையின் வேலை முடிந்துவிடும். ஓட்டுநர் உட்காரும் கேபினை வேறொரு பட்டறை கட்டும். மரத்தில் சட்டகம் அடித்து, அதன்மேல் தகட்டை வளைத்து ஆணியடிப்பார்கள். மேடுபள்ளத்தில் அடிச்சட்டம் முறுக்கும்போது மரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆனால் ஆணித் துளை வழியே நீர் இறங்கினால் மரம் உளுத்துவிடும், தகடும் துருவேறும். இன்று அந்த லாரியைப் புதுப்பிக்கிறவர் பாதித் தச்சராக வேண்டியிருக்கிறது. ஒரே மாடல் லாரி இரண்டை அருகருகே நிறுத்தினால் கதவு, கண்ணாடி, கூரை வளைவு எல்லாமே வேறாக இருக்கலாம். ஒன்றின் கதவு மற்றதற்குப் பொருந்தாது.

'கைவினை' என்றால் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைதான் நினைவுக்கு வருகிறது. அதுவும் போக, அக்காலத்தில் ஆலைக்குள்ளும் கைவேலை நிறைய உண்டு.

'வெளிக்கட்டு' இன்னும் சிக்கல். 1966 முதல் லாரி செய்த எஃப்.டி.எஃப். (FTF) என்ற டச்சு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் வைகன் (Wijchen) ஊரில் ஆலை. கேபினோ இங்கிலாந்தின் மோட்டார் பேனல்ஸ் நிறுவனத்திலிருந்து வந்த எஃகுக் கேபின். வெளியிலிருந்து வந்ததுதான், ஆனால் ஒரே அச்சில் பல நிறுவனங்களுக்கும் செய்து விற்ற சரக்கு. அதைக் கோச்பில்ட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆக, யார் கையால், எங்கே என்பதல்ல முக்கியம். ஒரு குறிப்பிட்ட வண்டிக்கென்று ஒருவர் சொல்லிக் கட்டச் செய்தார் என்பதுதான். அதற்குத் தமிழில் பிறவினையே இருக்கிறதே: 'கட்டுவித்த'. 'கட்டுவித்த கேபின்' என்றால் சொல்லிச் செய்தது என்பது தானாகவே விளங்கும்.

பாடிக்கு 'கூடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், கூண்டு வண்டி ஓடிய மண் நம்முடையது. ஆனால் பக்கப்பலகை மட்டும் உள்ள திறந்த லாரிக்கும், பால் தொட்டி ஏற்றிய லாரிக்கும் கூடு எங்கே? அதனால் பொதுச்சொல்லாக 'மேற்கட்டு' வைக்கலாம். கட்டுகிறவர் 'மேற்கட்டுநர்'. நாமக்கல்லிலும் கரூரிலும் 'பாடி கட்டுவது' என்றுதான் சொல்கிறார்கள். பேச்சில் அது அப்படியே இருக்கட்டும், கெடுக்க வேண்டாம்.

ஒரு முடிச்சு மிச்சம். நெதர்லாந்தின் வாடிங்ஸ்வேனில் மேற்கட்டுநராக இருந்த வெர்ஹூல் நிறுவனம், 1950களின் இறுதியில் ஆம்ஸ்டர்டாமின் குரோம்ஹவுட் லாரித் தொழிலோடு இணைந்து தன் பெயரிலேயே வண்டி விற்றது. கட்டியவரே தயாரிப்பாளர் ஆனபின் அது 'ஆலைக்கட்டு' என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். படுக்கை வைத்த கேபினுக்கான சொல்லை மட்டும் வேறு இழையில் பேசுவோம், இதில் கலக்க வேண்டாம்.