5 நிமிட விளையாட்டு முடிந்ததும் ரகளை: எப்படிச் சமாளிப்பது?

என் மகனுக்கு ஐந்தரை வயது. அடிக்கிறான், பொருளை வீசுகிறான் என்று வகுப்பில் புகார் வந்ததால், பள்ளியிலேயே நடக்கும் பி.சி.ஐ.டி. என்கிற பெற்றோர்-குழந்தை சிகிச்சையில் சேர்ந்தோம். இது 7-வது வாரம். நான் அவனோடு விளையாட, ஆலோசகர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என் காதில் மாட்டிய கருவி வழியாகச் சொல்லித் தருவார். அங்கே பையன் தங்கம்.

இதற்காக வீட்டிலும் தினமும் அவனோடு விளையாட வேண்டிய 5 நிமிடம்தான் சிக்கல். "நேரம் முடிந்தது" என்றதும் கட்டைகள் பறக்கும், அப்புறம் அரை மணி நேரம் அழுகை.

டைமர் வைத்தேன், அந்தச் சத்தத்துக்கே கத்துகிறான். 2 நிமிடம் முன்பே சொல்லிப் பார்த்தேன். 10 நிமிடமாக நீட்டினேன், இன்னும் மோசம். கண்டுகொள்ளாமலும் இருந்தேன், தங்கச்சி தலையில் கட்டை படும்வரை.

சிகிச்சையின் முதல் கட்டம் முடிய, 5 நிமிடத்தில் நான் அவன் செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டுவது, அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்வது, செய்வதை விவரிப்பது தலா 10 வர வேண்டும். கேள்வி, கட்டளை, குறை எல்லாம் சேர்த்து 3-ஐத் தாண்டக் கூடாது. பாராட்டு வந்துவிட்டது. "இது என்ன கலர்?" மட்டும் வாயை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதனால் கட்டளைக்குப் பழக்கும் இரண்டாம் கட்டம் இன்னும் தொடங்கவில்லை. அடுத்த சந்திப்புக்கு 2 வாரம் இருக்கிறது.

இதைக் கடந்து வந்தவர்கள், அந்த 5 நிமிடத்தை ரகளை இல்லாமல் எப்படி முடித்தீர்கள்?