ஹாரோ ரயில்வே ஹோட்டல்: பார்த்தவர்களும் கேட்டவர்களும் சொல்லுங்கள்

வீடு தேடுபவன்

லண்டனில் ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட் பார்க்கப் போனேன். அங்கே கட்டடங்களுக்கு வைத்திருந்த பெயர்கள் எல்லாம் ‘தி ஹூ’ இசைக்குழுக்காரர்களுடையவை. கூட வந்த ஏஜென்ட் பையனுக்குக் காரணம் தெரியவில்லை. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம் கேட்டேன். தொட்டியை அப்படியே விட்டுவிட்டு அரைமணி நேரம் பேசினார்.

இந்த இடத்தில் ‘ரயில்வே ஹோட்டல்’ என்று ஒரு பப் இருந்ததாம். 1837இல் ரயில் வந்தபோது ஸ்டேஷனைச் சுற்றி வெறும் வயல்தான். ஹாரோ ஊர் குன்றின் மேல் தனியாக இருந்தது. ஸ்டேஷனை நம்பி வீல்ட்ஸ்டோன் வளர்ந்தது, ஸ்டேஷனை நம்பியே பப்பும் பிழைத்தது. 1964இல் செவ்வாய்க்கிழமை இரவுகளில் அங்கே பாட்டுக் கச்சேரி. ‘தி ஹூ’வின் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட் முதன்முதலாக கிட்டாரை உடைத்தது அங்கேதான் என்றார். நீங்கள் பார்த்தீர்களா என்றேன். “நான் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன்” என்றார். அதை நம்புகிறேன். உள்ளே இருந்ததாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் உண்மையிலேயே இருந்திருந்தால் அந்தக் கட்டடம் அன்றைக்கே இடிந்திருக்கும்.

பழைய ரெக்கார்டு

பெரியவர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் டவுன்ஷெண்ட் வேண்டுமென்று உடைக்கவில்லை. கூரை தாழ்வு. கிட்டாரை ஆட்டும்போது அதன் தலை மேலே குத்தி உடைந்துவிட்டது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்த ரோஷத்தில்தான் மிச்சத்தையும் அடித்து நொறுக்கினார். அது ரிக்கன்பேக்கர் கம்பெனி கிட்டார், விலை கொஞ்சநஞ்சமில்லை. அப்போது குழுவுக்கு ‘ஹை நம்பர்ஸ்’ என்று பெயர். அதே ஆண்டு ஜூலையில், படம் எடுக்க ஒரு பாட்டுக்குழு தேடி அலைந்த கிட் லாம்பர்ட் இவர்களைக் கண்டுபிடித்ததும் இதே பப்பில்தான். பிறகு அவரே மேனேஜர் ஆனார்.

வீல்ட்ஸ்டோன் அண்ணா

தம்பிமாரே, கிட்டார் கதை உங்களுக்கு. எனக்கு வேறு கதை. நான் ஊரிலிருந்து வந்த புதிதில் இந்தப் பக்கம் இன்னொரு பப்பில் கிளாஸ் பொறுக்கும் வேலை செய்தனான். விக்டோரியா காலத்துக் கட்டடம், இரண்டு வாசல். ஒன்று பப்ளிக் பார்: லினோலியம் தரை, வேலைச் சப்பாத்தோடு வரலாம், பியர் சில காசு மலிவு. மற்றது சலூன் பார்: கம்பளம், பூ வெட்டிய கண்ணாடி. நடுவில் ஒரே கவுண்டர், ஒரே பீப்பாய். அதே பியரைக் கம்பளத்தில் நின்று குடிக்கக் கூடக் காசு! எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் நான் பார்த்த பிரிவினை அளவுக்கு அது கொடுமை இல்லை, ஆனால் பார்த்த உடனே விளங்கியது.

1988 வரைக்கும் பின்னேரத்தில் பப்பைப் பூட்ட வேண்டும். முதலாம் உலகப்போரில் வந்த சட்டம். நாங்கள் அந்த நேரத்தில்தான் சோறு சாப்பிடுவோம். ரயில்வே ஹோட்டலை நான் பார்த்தது அதன் கடைசிக் காலத்தில், ஆள் நடமாட்டம் இல்லாமல். அப்புறம் 2000த்தை ஒட்டி நெருப்புப் பிடித்து எரிந்தது. மிச்சத்தை இடித்துவிட்டார்கள்.

வீடு தேடுபவன்

அண்ணா, ஓடிக்கொண்டிருந்த பப்புகள் ஏன் இப்படி வரிசையாகப் போயின?

பழைய ரெக்கார்டு

குடிப்பவர்கள் குறைந்தார்கள் என்பது பாதிக் கதைதான். 1989இல் அரசு, 2000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த மதுபான ஆலைகளின் பிடியைத் தளர்த்த விதி கொண்டுவந்தது. ஆலைகள் விற்றன, வாங்கியவை பெரிய சொத்துக் கம்பெனிகள். புறநகர் பப்புக்கு மூலை மனை, பின்னால் தோட்டம், கார் நிறுத்த இடம். பியரை விட மனைக்கு மதிப்பு. 2007இல் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது. 2017 வரை பல பப்புகளைத் திட்ட அனுமதி கேட்காமலே கடையாக மாற்றலாம், இடிக்கலாம் என்ற நிலை.

இடித்தவர்கள் மாட்டிக்கொண்டதும் உண்டு. லண்டனில் மைடா வேல் பக்கம் கார்ல்டன் டேவர்ன் என்ற பப், 1920களில் கட்டியது, 2015 ஏப்ரலில் அனுமதி இல்லாமல் தரைமட்டம். அக்கம்பக்கத்தார் விடவில்லை. மறுபடி அதே மாதிரி கட்டச் சொல்லி கவுன்சில் உத்தரவு போட்டது. 2021இல் திறந்தார்கள்.

வீல்ட்ஸ்டோன் அண்ணா

அங்கே போயிருக்கிறேன். பியர் விலையை மட்டும் பழைய மாதிரி கட்டவில்லை.