பேட்ஜில் ஒரு பெயர், தகட்டில் வேறு நாடு: எதைப் பார்த்து டிராக்டர் எடுப்பது?

மூன்றாம்கியர்:
வணக்கம் நண்பர்களே. முதன்முதலாக டிராக்டர் எடுக்கப் போகிறேன். 45-லிருந்து 50 ஹெச்.பி. போதும். ரோட்டாவேட்டர், கொத்துக் கலப்பை, டிரெய்லர், இவ்வளவுதான் வேலை. நிலத்தில் பாதி மேடு, மீதி மழை பெய்தால் முழங்கால் புதையும் களி.

நேற்று ஒரு ஷோரூமுக்குப் போனேன். "ஃபாரின் கம்பெனி வண்டி சார், இரும்பே வேற" என்றார் விற்பனையாளர். அவர் போன் பேச நகர்ந்த நேரத்தில் குனிந்து, கியர்பாக்ஸ் ஓரத்தில் ரிவெட் அடித்திருந்த தகட்டைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தேன். கம்பெனி ஒரு நாட்டுக்காரன், தகட்டில் இருந்தது வேறு நாடு. கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று மழுப்பிவிட்டார்.

இன்னொரு பக்கம், பழைய ஜப்பான் வண்டி ஒன்று சல்லிசாக வருகிறது. லீவர் பக்கத்து ஸ்டிக்கரெல்லாம் ஜப்பானிய எழுத்து, ஒன்றும் புரியவில்லை.

தகட்டு விஷயம் ஏமாற்று வேலையா? எங்கே செய்தது என்பதை வைத்து வண்டியை எடை போடலாமா? இல்லை என்றால் எதை வைத்து முடிவு செய்வது?

பழையஸ்பானர்:
தம்பி, ஏமாத்துன்னு சொல்ல முடியாது. "இரும்பே வேற"ன்னாரு பாருங்க, அது மட்டும்தான் அளப்பு.

கம்பெனி எந்த நாடு, வண்டி எங்க பூட்டினது, ரெண்டும் தனித்தனிக் கேள்வி. ஜான் டீரை எடுத்துக்கங்க. அமெரிக்கக் கம்பெனிதான். பெரிய 8ஆர் வரிசை அங்க அயோவா மாநிலத்து வாட்டர்லூவுல வருது. 6-ம் வரிசை பெரும்பாலும் ஜெர்மனியில மான்ஹைம். அது 1956-ல லான்ஸ் கம்பெனியை வாங்கினப்ப கூடவே வந்த ஃபேக்டரி. 5-ம் வரிசையில நிறைய வண்டி புனேயில பூட்டி கப்பல் ஏறுது. அவங்க தகட்டுல அடிச்சிருக்கற வண்டி நம்பர் "1ஆர்டபிள்யூ"ன்னு தொடங்கினா வாட்டர்லூ, "1எல்வி"ன்னா அமெரிக்காவுலயே அகஸ்டா, "1பிஒய்"ன்னா புனே. ஒளிச்செல்லாம் வைக்கல, படிக்கத் தெரிஞ்சா போதும்.

சின்ன வண்டிக் கதை இன்னும் வேடிக்கை. மாஸி ஃபெர்குசன் பேர்ல வர்ற குட்டி வண்டி பலதும் ஜப்பான் இசெகி கட்டினது. அமெரிக்காவுல மஹிந்திரா பேர்ல வித்த சின்ன வண்டிகள்ல நிறைய தென்கொரியாவுல டி.ஒய்.எம். கட்டினது. எண்ணிக்கையில உலகத்துலயே அதிகமா டிராக்டர் செய்யற கம்பெனியே அப்படித்தான் பண்ணுது. அதனால தகட்டைப் பாத்துப் பதறாதீங்க.

நூலகத்துஎலி:
ஸ்பானர் அண்ணன் சொன்னதற்கு ஒரு வால். ஊர் மட்டும் இல்லை, முதலாளியும் மாறிக்கொண்டே இருப்பார். ஃபோர்டு தன் டிராக்டர் தொழிலை 1991-ல் ஃபியட்டுக்கு விற்றது. இங்கிலாந்தின் பாசில்டனில் இருந்த ஃபோர்டு ஃபேக்டரி அதன்பின் நியூ ஹாலண்ட் என்ற பிராண்டுக்கு வண்டி செய்கிறது. ஜெர்மனியின் ஃபெண்ட் 1997 முதல் அமெரிக்க ஆக்கோ கம்பெனியிடம் இருக்கிறது, ஆனால் வண்டி இன்றும் மார்க்டோபர்டோர்ஃபில்தான் வருகிறது. பிரான்சின் ரெனோ டிராக்டர் பிரிவை 2003-ல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதே லெ மான் ஃபேக்டரி, பெயிண்ட் மட்டும் பச்சை. மெக்கார்மிக் கதை தலைகீழ்: பெயர் நின்றது, இங்கிலாந்து டான்காஸ்டரில் இருந்த ஃபேக்டரி 2007-ல் மூடி வேலை இத்தாலிக்குப் போய்விட்டது.

எனக்கு மிகப் பிடித்தது பழைய மாஸி 35. 1950-களின் வண்டி. அந்த வண்டியின் வடிவமைப்பு சென்னையில் டாஃபே கம்பெனி, பெல்கிரேடில் ஐ.எம்.டி. கம்பெனி என்று ஊர் ஊராகப் போனது. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் மாதிரி, பெயிண்டைச் சுரண்டினால் முகச்சாயல் தெரியும். ஃபோர்டு 3600-ன் சாயல் ஃபார்ம்டிராக் 60-ல் தெரிவதும் இப்படித்தான். ஆகவே "எந்த நாடு" என்பதை விட "எந்தக் குடும்பம்" என்று கேளுங்கள். ஒரு வடிவம் பல வருடம் பல இடத்தில் ஓடியிருந்தால், அதன் நோய் என்ன, மருந்து என்ன என்பது மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம்.

களிமண்:
எல்லாரும் "நாடு முக்கியமில்லை" என்று ஒரேயடியாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒரே கம்பெனி ஒவ்வொரு ஃபேக்டரியிலும் ஒவ்வொரு மாதிரி ஆளை மனதில் வைத்து வண்டி செய்கிறது. மான்ஹைமில் வருவது கேபின், கலப்பையைத் தூக்கி இறக்கும் எலக்ட்ரானிக் ஹிட்ச், சென்சார் என்று வரும். புனேயில் வருவதில் பல வண்டிகள் திறந்த மேடை, லீவர், ஸ்பானரோடு சரி. இதில் தரம் கூடக் குறைய என்ற பேச்சே இல்லை. யாருக்காகச் செய்தது என்பதுதான் வேறு. சென்சார் போனால் லேப்டாப்போடு வர ஆள் இல்லாத இடத்தில், மான்ஹைம் வண்டி வாங்கியவன் அதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

என் சொந்த அனுபவம். பிராண்டு பெயர் வேண்டாம். வெளியிலிருந்து முழுதாக வந்த வண்டி, ஓட்ட அருமை. லிஃப்ட் பம்பில் ஒரு சீல் போனது. உள்ளங்கையில் வைத்தால் காணாமல் போகும் சைஸ். அதே மாடல் எண்ணில் இங்கே கிடைத்த சீலைப் போட்டால் ஒரு மில்லிமீட்டர் தொளதொளவென்று ஆடுகிறது. மாடல் எண் ஒன்று, ஃபேக்டரி வேறு, பம்பு வேறு. சரியான சீல் வர 19 நாள். பக்கத்து வயலெல்லாம் உழுது முடித்துவிட்டார்கள். நான் கலப்பையைக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம்கியர்:
களிமண் அண்ணா, வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள். அப்படியானால் பிராண்டை விட ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர்தான் முக்கியமா? ஹெச்.பி., மைலேஜ் எல்லாம் அடுத்ததுதானா? ஒரே 50 ஹெச்.பி. என்று மூன்று கம்பெனியும் சொல்கிறார்கள், வண்டியின் எடையில் மட்டும் 300 கிலோ வித்தியாசம்.

நூலகத்துஎலி:
இந்தக் கேள்வி நூறு வருடப் பழசு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி "ஃபோர்டு" டிராக்டர் ஒன்று வாங்கினார். அது ஹென்றி ஃபோர்டு செய்தது இல்லை. மினியாபொலிஸில் ஒரு கம்பெனி, ஃபோர்டு என்று பெயர் உள்ள ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பெயரில் விற்ற வண்டி. வயலில் காலை வாரியது. அடுத்து வாங்கிய "புல்" வண்டியும் அப்படியே. குரோசியர் சட்டசபை உறுப்பினராகப் போனார். 1919-ல் சட்டம் வந்தது: டிராக்டரைச் சோதிக்காமல் அந்த மாநிலத்தில் விற்கக் கூடாது, மாநிலத்துக்குள்ளேயே பார்ட்ஸ் இருப்பு வைத்திருக்கவும் வேண்டும். 1920 முதல் அங்கே பல்கலைக்கழகம் சோதிக்கிறது. பெயரை நம்பி ஏமாந்தவர் போட்ட சட்டத்திலேயே ஸ்பேர் பார்ட்ஸும் இருக்கிறது, கவனியுங்கள்.

இப்போது ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் விதிப்படி பல நாடுகளில் சோதனை நடக்கிறது. பல அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். நீங்கள் பார்க்கும் மாடலுக்கு அறிக்கை இருந்தால் அதில் பி.டி.ஓ. பவரை, அதாவது வண்டியின் பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டில் வரும் பவரைத் தேடுங்கள். இன்ஜினில் 50 என்றால் பி.டி.ஓ. முனையில் பத்துப் பதினைந்து சதவீதம் குறைந்துதான் வரும். ரோட்டாவேட்டரைச் சுற்றுவது அந்த முனை. ஃபேன், ஆல்டர்னேட்டர் எதுவும் மாட்டாமல் இன்ஜினை அளந்து பெரிய எண்ணாகப் போடுகிற வழக்கமும் உண்டு. அதனால்தான் மூன்று பேரின் 50-உம் ஒரே 50 இல்லை.

பழையஸ்பானர்:
எடைக்கு நான் சொல்றேன். மேட்டு உழவுக்குக் கனமான வண்டி நல்லது, சக்கரம் வழுக்காது. களியில அதே கனம் வண்டியை உள்ள இழுத்துடும். உங்களுக்கு ரெண்டும் இருக்கு. அதனால ரொம்பக் கனமும் வேணாம், ரொம்ப லேசும் வேணாம். வேணும்கிறப்ப முன்னாடி வெயிட் மாட்டலாம், டயர்ல தண்ணி ஏத்தலாம். பிறவிக் கனத்தைத்தான் கழட்ட முடியாது.

டெமோ கேளுங்க. ஷோரூம் வாசல்ல இல்ல, உங்க நிலத்துல, உங்க கலப்பையோட. பின் டயர்ல சாக்பீஸ்ல ஒரு கோடு. கலப்பையை இறக்கி உழுதுகிட்டே டயர் பத்து சுத்து சுத்தட்டும். தொடங்கின இடத்துலயும் முடிஞ்ச இடத்துலயும் குச்சி நடுங்க. அப்புறம் கலப்பையைத் தூக்கிட்டு, அதே கியர்ல அதே தூரம். இப்ப எத்தனை சுத்துன்னு எண்ணுங்க. எட்டரை வந்தா வழுக்கல் 15 சதவீதம், கெட்டி நிலத்துல அதுக்குள்ள இருந்தா சரி. ஏழு, ஏழரைன்னு வந்தா டீசல் டயருக்கு அடியிலயே போயிடும். மூணு வண்டிக்கும் ஒரே இடத்துல பண்ணுங்க.

அப்புறம் கலப்பையைத் தூக்கி வச்சு இன்ஜினை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் கம்முனு நில்லுங்க. பாக்கும்போதே இறங்கிச்சுன்னா லிஃப்ட்ல கசிவு இருக்கு. புது வண்டின்னாலும் பாருங்க.

களிமண்:
ஜப்பான் பழசு பற்றி யாரும் சொல்லவில்லையே. குபோட்டா, யான்மார் நல்ல இன்ஜின்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அவர்கள் உள்நாட்டுக்கென்று செய்து, பிறகு பழசாக வெளியே வந்த வண்டிக்கு நம் பக்கம் டீலர் கை கொடுக்கமாட்டார். அந்த மாடல் எண் அவர் கம்ப்யூட்டரிலேயே இருக்காது. பி.டி.ஓ.-வில் மூன்று நான்கு வேகம் இருக்கும், முதல் நிலை மட்டும்தான் ரோட்டாவேட்டருக்கு வேண்டிய நிமிடத்துக்கு 540 சுற்றை ஒட்டி வரும். ஸ்டிக்கரைப் படிக்க முடியாமல் மூன்றில் போட்டு ரோட்டாவேட்டரை மாட்டினால் கியர்பாக்ஸ் கதறும். தோட்டத்துக்கு, இரண்டாவது வண்டியாக என்றால் யோசிக்கலாம். முதல் வண்டியாக வேண்டவே வேண்டாம்.

நான்குசக்கரம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இத்தனை ஆராய்ச்சி எதற்கு? சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் எந்த வண்டி வைத்திருக்கிறார்களோ அதையே வாங்குங்கள். டிரைவர் கிடைப்பான், மெக்கானிக் கிடைப்பான், விற்கும்போது ஆள் வரும். என் மாமா அப்படித்தான் வாங்கினார், 22 வருடமாக ஓடுகிறது.

பழையஸ்பானர்:
உங்க மாமா சொல்றது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசி, அவர் வாங்கின வண்டி இப்ப அதே வண்டி இல்ல. பேரும் நிறமும் அப்படியே இருக்கும், உள்ள கியர்பாக்ஸை ரெண்டு தடவை மாத்தியிருப்பான். பழசு நல்லா ஓடுதுன்னு புதுசை வாங்காதீங்க. போன ரெண்டு வருசத்துல அதே மாடல் எடுத்தவங்க ரெண்டு பேரைத் தேடிப் புடிச்சுக் கேளுங்க.

தம்பி, நீங்க ஒண்ணு பண்ணுங்க. மூணு டீலரோட பார்ட்ஸ் கவுண்டருக்கும் போங்க. வண்டி வாங்க வந்தேன்னு சொல்லாதீங்க. ஏற்கெனவே அந்த வண்டி வச்சிருக்கறவர் மாதிரி ஹைட்ராலிக் ஃபில்டர், கிளட்ச் பிளேட், முன் ஆக்சில் சீல் மூணும் கேளுங்க. ஃபில்டர் எல்லார்கிட்டயும் இருக்கும். சீல்லதான் மாட்டுவாங்க.

மூன்றாம்கியர்:
போய்விட்டு வந்தேன். "இரும்பே வேற" கடையில் ஃபில்டர் இருந்தது, கிளட்ச் பிளேட் "ஆர்டர் போட்டா வரும்", சீலுக்கு எந்தப் பதிலும் இல்லை. இரண்டாவது கடையில் மூன்றும் இருந்தன. கவுண்டரில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, "தகட்டு நம்பர் சொல்லுங்க". நம்பர் இல்லை என்றதும், "இந்த மாடல்ல முன் ஆக்சில் ரெண்டு விதம் வருது சார், நம்பர் இல்லாம சீல் தரமாட்டேன்" என்று எடுத்த பாக்கெட்டைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். மூன்றாவது கடை அன்று பூட்டியிருந்தது.

சாக்பீஸ் சோதனையையும் இந்த இரண்டு வண்டியில் செய்து பார்த்தேன். இரண்டிலும் எட்டே முக்காலை ஒட்டித்தான் வந்தது. கனமான வண்டி களி ஓரத்தில் ஒருமுறை உட்கார்ந்து, வெளியே வர நேரம் எடுத்தது. லிஃப்ட் இரண்டிலும் அசையவில்லை. இரண்டாவது கடை வண்டியையே எடுக்கிறேன். அதன் தகட்டிலும் வேறு நாடுதான் போட்டிருக்கிறது, இந்த முறை கைக்குட்டையே எடுக்கவில்லை.

பழையஸ்பானர்:
நல்லது தம்பி. டெலிவரி எடுக்கற அன்னிக்கே தகட்டைப் போட்டோ புடிச்சு வச்சுக்கங்க, இன்ஜின் நம்பர் தனியா அடிச்சிருக்கும், அதையும் சேத்து. ஒரு வருசம் சேறு பட்டா படிக்க முடியாது. முதல் 50 மணி நேரத்துல வீல் நட்டை அடிக்கடி இறுக்கிப் பாருங்க.

களிமண்:
அந்த மூன்றாவது கடை ஏன் பூட்டியிருந்ததாம்?

மூன்றாம்கியர்:
பக்கத்துக் கடையில் கேட்டேன் அண்ணா. ஸ்பேர் எடுத்து வரப் போயிருக்கிறாராம்.