கோமதி ஆச்சியைக் காணவில்லை: தரவுத்தள உதவி கேட்ட அனுபவங்கள்

தாராவிக்காரன்

தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய சங்கத்தின் சந்தாக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். பழைய பட்டியலை எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கு மாற்றிய பெருமையும் என்னுடையதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதி ஆச்சி சந்தா கட்ட வந்தார். பெயரைத் தட்டினேன். அப்படி யாரும் இல்லை என்றது கணினி. "நான் எங்கேய்யா போயிருக்கப் போகிறேன், நன்றாகப் பார்" என்றார். பட்டியலை உருட்டிப் பார்த்தால் நடுவில் இருக்கிறார். தேடினால் மட்டும் இல்லை.

பொன்னம்மாளும் சோமுவும் அப்படியே. முருகனும் இசக்கியம்மாளும் தட்டிய மாத்திரத்தில் வந்து நின்றார்கள்.

அன்று இரவே, உதவி கேட்கும் இடத்தில் "உங்கள் மென்பொருளுக்குத் தமிழ் தெரியவில்லை" என்று காரமாக எழுதினேன். பதிலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. மூன்று கேள்விகள்: எந்தப் பதிப்பு? இரண்டே வரி உள்ள அட்டவணையில் இதைச் செய்து காட்ட முடியுமா? அந்தப் பெயரின் நீளத்தைக் கேட்டால் என்ன எண் வருகிறது?

மூன்றாவது கேள்விக்குச் சிரித்தேன். கோ-ம-தி, மூன்றெழுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனாலும் கேட்டுப் பார்த்தேன். நான் தட்டிய கோமதிக்கு 5 என்றது. பட்டியலில் இருந்த கோமதிக்கு 6.

கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் உயிர்க்குறிக்கும் தனிக் கணக்கு; அதில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தரவுத்தளத்துக்குக் கண் ஏது, அது பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது: ஒன்று 15 பைட், மற்றது 18. பழைய எழுத்துருவிலிருந்து பெயர்களை மாற்ற நான் கிறுக்கிய நிரல், கொம்பையும் காலையும் சேர்க்காமல் விட்டிருக்கிறது. பிழை என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பைதான் நிரல்மொழியில் எல்லாப் பெயர்களையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினேன்; இப்போது தேடும் சொல்லையும் மாற்றிவிட்டுத்தான் தேடுகிறேன். அடுத்த ஞாயிறு ஆச்சி கிடைத்துவிட்டார். "எதற்கும் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செம்பூர் வாசகி

நான் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இந்த மாற்றத்தைச் செய்ய 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே ஒரு செயற்கூறு இருக்கிறது, அண்ணா.

என் கதை வேறு. அந்தேரியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரி இரண்டு முறை பதிவாகியிருந்தது. ஒருமுறைக்கு மேல் வரவே கூடாது என்று நாங்கள் கட்டுப்பாடு போட்டிருந்த நெடுவரிசை அது. வினவல், நினைவக அமைப்பு, வன்வட்டின் வேகம் என்று ஒரு கட்டுரையே எழுதி உதவி கேட்டேன். வந்தது ஒற்றை வரி: "அண்மையில் இயங்குதளத்தை மாற்றினீர்களா?"

மாற்றியிருந்தோம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து, அதை மட்டும்தான் எழுதாமல் விட்டிருந்தேன். லினக்ஸில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி, அதன் அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சியின் 2018 ஆகஸ்டில் வெளியான 2.28-ஆம் பதிப்பில் பெரிதாக மாறியது. எங்கள் இண்டெக்ஸ், அதாவது விரைவாகத் தேட தரவுத்தளம் வைத்திருக்கும் வரிசைப் பட்டியல், பழைய வரிசையில் கட்டப்பட்டது. தேடல் புதிய வரிசைப்படி நடந்தது. அகராதியின் அகர வரிசையை ராவோடு ராவாக மாற்றினால் சொல் இருக்கும் பக்கத்தை யார் கண்டுபிடிப்பது? முகவரி இல்லை என்று நம்பித் தரவுத்தளம் அதையே இன்னொரு முறை சேர்த்துவிட்டது. இரட்டிப்புகளை நீக்கி இண்டெக்ஸை மீண்டும் கட்டியதும் சரியாயிற்று.

போஸ்ட்கிரெஸின் இணைய ஆவணங்களில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பிழை சொல்ல ஒரு படிவம் உண்டு. எனக்குக் குழப்பம் தந்த ஒரு வாக்கியத்துக்குத் திருத்தம் அனுப்பினேன். அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, வேறு மாதிரி எழுதினார்கள். என்னுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முலுண்ட் ரயில்வாசி

கொடுத்து வைத்தவர்கள். நாங்கள் ஆண்டுச் சந்தா கட்டும் ஒரு நிறுவனத்தில் தினம் ஒரு புது ஆள் வந்து அதே பதிவுக் கோப்பைக் கேட்பார். நான் லோக்கலில் தொங்கிக்கொண்டே மறுபடியும் அனுப்புவேன். ஒன்பதாம் நாள், "தங்களிடமிருந்து பதில் இல்லை" என்று புகாரை மூடிவிட்டார்கள். எங்களை எத்தனை நட்சத்திரம் மதிப்பிடுவீர்கள் என்று மறுநாள் ஒரு மின்னஞ்சல்!

தாராவி அண்ணாச்சி, காரமாக எழுதினீர்களே, காரணம் தெரிந்த பிறகு அவர்களிடம் சொன்னீர்களா?

தாராவிக்காரன்

சொன்னேன் தம்பி. மன்னிப்பும் கேட்டு, அந்த இரண்டு வரி அட்டவணையையும் தீர்வையும் சேர்த்தே அனுப்பினேன்; அடுத்து வருகிறவருக்கு உதவட்டும் என்று. மூன்று மாதம் கழித்து ஒரு மலையாளி அதே இடத்தில் நன்றி எழுதியிருந்தார். அவர்கள் எழுத்திலும் இதே கொம்பு, இதே கால்.

இப்போது புதுத் தலைவலி. ஆச்சி தன் பேத்தி சௌந்தர்யாவைப் போன வாரம் சேர்த்துவிட்டார். தேடினால் இல்லை. பெயரைத் தட்டிய பையன் சகரத்துக்கு ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் அசல் 'ள' எழுத்தையே வைத்திருக்கிறான். என்எஃப்சி இதைத் தொடாது. பட்டியலில் இன்னும் எத்தனை சௌந்தர்யாக்கள் இப்படி 'செளந்தர்யா'வாக உட்கார்ந்திருக்கிறார்களோ, இன்று இரவு தேட வேண்டும்.