பக்கவாதத்துக்குப் பிறகு ட்ரெட்மில்: எந்த வேகத்தில் தொடங்குவது?

கேள்வி:
மாமனாருக்கு 61 வயது. பக்கவாதம் வந்து ஐந்து மாதம், வலது பக்கம் பலவீனம். தடி ஊன்றி 10 மீட்டரை 25 விநாடியில் நடக்கிறார். ட்ரெட்மில்லில் 1.5 கி.மீ. வைத்தால் வலது கால்முனை பெல்ட்டில் இடறுகிறது. மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். வேகம் எவ்வளவு, நாடித்துடிப்பு எவ்வளவு வரை போகலாம்?

பதில் 1:
10 மீட்டருக்கு 25 விநாடி என்றால் மணிக்கு 1.44 கி.மீ. தரையில் நடப்பதைவிட அதிகமாக வைத்துவிட்டு இடறுகிறது என்றால் எப்படி? பாதியில், 0.7-ல் ஆரம்பியுங்கள். வீட்டு மெஷின்கள் பல 0.8 அல்லது 1-க்குக் கீழே இறங்காது; வாங்கும் முன் பாருங்கள். ஐந்து நிமிட நடை, உட்கார்ந்து ஓய்வு, இப்படி மூன்று தடவை, வாரம் மூன்று நாள். முதலில் நேரம். மொத்தம் 20 நிமிடம் தாங்கிய பிறகு வேகத்தை 0.1, 0.1 ஆக ஏற்றலாம்.

மெட்டோப்ரோலால் நாடியை அடக்கி வைக்கும், அதனால் அதிகபட்ச நாடித்துடிப்புக்கான '220 கழித்தல் வயது' கணக்கு உதவாது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று அவரே எண்ணாகச் சொல்லும், 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோலில் 11–13 போதும்: முழு வாக்கியம் பேச வரணும். தொடங்கும் முன் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பதில் 2:
வேகம் மட்டும் காரணமில்லை சார். கம்பியை இறுக்கிப் பிடித்து முன்னால் சாய்கிறாரா பாருங்கள். பெல்ட் காலைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பு நன்றாக நீளும்போதுதான் அடுத்த அடிக்குக் கால் எளிதாக எழும்பும். சாய்ந்தால் அது நடக்காது. நிமிர்ந்து, இடது கை லேசாகக் கம்பியில். பாதம் தொங்கினால் ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் பட்டை) மாட்டி அதற்கு மேல் ஷூ. வலது கையைக் கம்பியோடு கட்டி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தோள் மூட்டு இறங்கியிருந்தால் இன்னும் கெடும்.

தடியோடு நடப்பவருக்கு ஹார்னஸ் (மேலிருந்து உடலைத் தாங்கும் வார்ப்பட்டை) விழாமல் பிடிக்க மட்டும் இருந்தால் போதும். அதில் உடல் எடையைத் தூக்குவதானால் 30–40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் குதிகால் பதியாது.

பதில் 3:
தரை நடையை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடந்த லீப்ஸ் ஆய்வில் (2011), ஹார்னஸோடு ட்ரெட்மில்லில் பழகியவர்களும், வீட்டிலேயே பிசியோதெரபிஸ்டோடு வலு, சமநிலைப் பயிற்சி செய்தவர்களும் ஓராண்டில் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினார்கள்.

துணைக்கு நிற்பவர் வலது பக்கம், சற்றுப் பின்னால். சேஃப்டி கீ (இழுபட்டால் பெல்ட்டை நிறுத்தும் சாவி) கிளிப்பைச் சட்டை முன்பக்கத்தில் மாட்டி, கயிற்றைக் குறுக்கி முடிச்சுப் போடுங்கள். நீளமாக இருந்தால் அவர் சரிந்த பிறகுதான் பெல்ட் நிற்கும். முடிந்ததும் உடனே இறக்காதீர்கள், கம்பியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நிற்கட்டும்.