கூட்டாளி இருந்தால் நடையும் நிற்காது

கல்லடியிலிருந்து:
அம்மா தவறின பிறகு அப்பா படலையைத் தாண்டவே இல்லை. சீனி வருத்தம் ஏற்கெனவே இருந்தது. கிளினிக்கில ஒவ்வொரு முறையும் "நடங்க ஐயா" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்ததும் சாய்மனைக் கதிரைதான். பிள்ளைகள் நாங்கள் சொல்லியும் காதில ஏறவில்லை.

அவரை எழுப்பினது பக்கத்து வளவு மாமா. ஒரு விடியக்காலை படலையில நின்று, "மச்சான், பாலத்தடியில மீன் பட்டிருக்காம், வாங்க பார்த்திட்டு வருவம்" என்றார். நடை என்ற பேச்சையே எடுக்கவில்லை. 1924இல் கட்டின பழைய பாலத்துக்குப் பக்கத்தில 2013இல் புதுப்பாலம் திறந்ததிலிருந்து பழையதில வாகன நெரிசல் இல்லை. காலையில நடக்கிறவர்களும் தூண்டில் போடுகிறவர்களும்தான். இரண்டு பேரும் கம்பியில சாய்ந்து நின்று, ஒவ்வொரு வாளியாக எட்டிப் பார்த்து, மணலை என்ன விலை, இறால் என்ன விலை என்று கேட்பார்கள். வாங்குவது அருமை. ஆனால் பாலத்தின் அந்தத் தலைப்பு மட்டும் போய்த் திரும்பாமல் வீடு வரமாட்டார்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதெல்லாம் அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

இப்போது இருவருக்கும் சீனி போடாத தேத்தண்ணிதான். கிளினிக் கொப்பிகளை விரித்து வைத்து, யாருக்குக் குறைந்திருக்கிறது என்று பார்ப்பதில் அப்பாவின் முகத்தில வருகிற சந்தோசத்தை அம்மா போன பிறகு நான் கண்டதில்லை.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில 1938இல் தொடங்கி, 724 ஆண்களை ஆயுள் முழுக்கத் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று இருக்கிறது. ஐம்பது வயதில உறவுகளில நிறைவாக இருந்தவர்களே எண்பது வயதிலும் நல்ல சுகத்தோடு இருந்தார்களாம். எங்கட வீட்டில நான் கண்டதும் இதைத்தான்.

அக்கரைப்பற்றிலிருந்து:
உம்மாவுக்குப் பிரஷர். ரோட்டில நடக்கிறது அவவுக்கு வசதிப்படாது. சாச்சியோட சேர்ந்து வளவுக்குள்ள கீரைப்பாத்தி போட்டிருக்கா. தண்ணி ஊத்துறது, களை பிடுங்கிறது, இடையில ஊர்க்கதை. சாச்சி வரப் பிந்தினா உம்மா வேலிக்கு மேலால கூப்பிடுவா. கருவாட்டைக் குறைங்க என்று நாங்க சொன்னா கோபம் வரும். சாச்சி, "ராத்தா, நானும் விட்டுட்டன்" என்று சொன்ன பிறகுதான் சட்டியில உப்புக் குறைஞ்சது.

காரைதீவிலிருந்து:
எங்கள் பெரியப்பாவுக்கு நடந்தது மறுபக்கம். கூட நடந்தவர் பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். மற்ற நாளே நடையும் நின்றது, சாப்பாடும் குறைந்தது. மருந்தை மாற்றியும் முகம் தெளியவில்லை. அதனால் பின்னேரத்தில நானே கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன். மெதுவாகத்தான் நடப்பார். ஆனால் அவர் இளந்தாரியாக இருந்த காலத்துக் கதை ஓயாது. கந்தோரில எனக்குப் பிந்துகிற நாளில அண்ணனின் மகன் போகிறான்.