பிஎம்ஐ-க்குத் தமிழ்: நிறையா, எடையா, திணிவா?

செல்வி:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

12-ஆம் வகுப்பு உடற்கல்வியில் தேர்வும் அளவீடும் என்ற பகுதி தமிழாக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கலைச்சொல் பட்டியலை அனுப்பியாக வேண்டும். இந்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதித் தேர்வில் 9 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 50 மீட்டர் விரைவோட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து எட்டுதல், தண்டால் என்று பல உண்டு. அவற்றோடு பிஎம்ஐ-யும் (body mass index: உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) ஒரு தேர்வாக வருகிறது. கைக்கு வந்த வரைவில் ஒரே அத்தியாயத்தில் மூன்று பெயர்கள்: உடல் நிறை குறியீட்டெண், உடல் எடைக் குறியீடு, உடல் பருமன் சுட்டெண். எதை வைக்கலாம்?

இளங்கோ:

செல்வி, மூன்றாவதை முதலில் அடித்துவிடுங்கள். தமிழ்நாட்டு இயற்பியலில் பருமன் என்றால் கன அளவு. பேச்சில் கொழுப்பேறிய உடம்பு. இந்த எண் இரண்டையும் அளப்பதில்லை.

முதலாவதில் ஒற்று விடுபட்டிருக்கிறது: நிறைக் குறியீட்டெண். 'குறியீட்டெண்' விலைவாசிக்கு ஊன்றிவிட்ட சொல் என்பதால் இங்கே 'சுட்டெண்' போதும்.

நிறையா எடையா என்றால் என் வாக்கு நிறைக்கே. எடு என்பதிலிருந்து எடை: தூக்கிப் பார்த்து அறிவது. அது கையில் உணரும் விசை. நிறு என்பதிலிருந்து நிறை: கோலில் நிறுத்தி, தெரிந்த கல்லோடு ஒப்பிட்டு அறிவது. நிறைகோலை நிலவுக்குக் கொண்டுபோனாலும் அதே கல்தான் சமன் செய்யும். இயற்பியல் இன்று பிரித்துச் சொல்வதை நம் வினையடிகள் முன்பே பிரித்து வைத்திருக்கின்றன.

புணர்ச்சிப்படி உடல் + நிறை = உடனிறை. 'உடனிறைச் சுட்டெண்' என்பதே செம்மையான வடிவம்.

முருகேசன்:

ஐயா, உடனிறை என்று எழுதினால் பிள்ளைகள் 'உடன் இறை' என்றுதான் பிரிப்பார்கள். மைதானத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. எடை மெஷின், எடை பார்த்தல், எடை கூடிப்போச்சு. இதுதான் வழக்கு. 'உடல் எடைச் சுட்டெண்' என்றால் விளக்கமே வேண்டாம்.

பெயரைவிடக் கணக்கில் வரும் பிழைதான் பெரிது. பாடத்தில் அதற்கு ஒரு பெட்டி போடுங்கள். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 64 கிலோ, 160 செ.மீ. என்றால் 64 ÷ 2.56 = 25.0. உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் கூட்டிப் படித்தால் 24.7, குறைத்துப் படித்தால் 25.3. மிகை எடையின் எல்லை 25 என்பதால் வகையே மாறிவிடும். அதனால் செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் பட, பார்வை நேராக இருக்க அளக்க வேண்டும்.

இன்னும் மோசமானது அடிக்கணக்கு. 5 அடி 10 அங்குலத்தைப் பையன் 5.1 என்று கால்குலேட்டரில் போடுவான். 177.8 செ.மீ. உள்ளவன் 155 ஆகிவிடுகிறான். 70 கிலோவுக்கு 22.1 வரவேண்டிய இடத்தில் 29 வரும். பதிவேட்டிலும் அப்படியே ஏறும்.

பவானி:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறுக்கீடு.

> என் வாக்கு நிறைக்கே

இளங்கோ அண்ணா, இலங்கைப் பாடநூல்களில் நிறை என்றால் உங்கள் எடை. உங்கள் நிறை எங்களுக்குத் திணிவு. குழந்தையின் பிறப்பு நிறை என்றுதான் கிளினிக் அட்டையிலும் எழுதுவோம். பிஎம்ஐ எங்களுக்கு உடற்திணிவுச் சுட்டி. நீங்கள் நிறைச் சுட்டெண் என்று எழுதினால், எங்கள் மாணவர் கிலோகிராமைப் பார்க்காமல் விசையின் அலகான நியூட்டனைத் தேடுவார். ஒரே சொல்லுக்குக் கடலின் இரு கரையிலும் இரண்டு பொருள் இருக்கும்போது, அந்தச் சொல்லையே பொதுக் கலைச்சொல்லுக்கு அடித்தளமாக வைக்கலாமா?

இளங்கோ:

பவானி, 'சுட்டி' இங்கே கணினி எலிக்குப் போய்விட்டது. திணிவு என்பதில் திண்மை, செறிவு என்ற சாயல் இருக்கிறது. அடர்த்தி என்று மயங்க இடமுண்டு. மேலும் அது உடற்றிணிவு. கடல் + திரை = கடற்றிரை போல. 'உடற்தகுதி'யும் உடற்றகுதி என்றே வரவேண்டும். றகரத்துக்குப் பின் தகரம் தமிழில் வராது.

நிறைக்கு மனத்தை நிலைநிறுத்தும் ஒழுக்கம் என்றும் பொருள் உண்டு. திருக்குறளில் நிறையழிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. நிறுத்தலும் நிலைநிறுத்தலும் ஒரே வேர். அளவில் நிற்றல் என்ற கருத்து சொல்லுக்குள்ளேயே இருப்பது இந்தச் சுட்டெண்ணுக்குப் பொருத்தம்தானே?

பவானி:

அந்தப் பொருத்தத்தைத்தான் நான் மறுக்கிறேன், அண்ணா. இந்த எண்ணுக்கு அளவில் நிற்கும் ஒழுக்கத்தோடு உறவில்லை. பெயர் அப்படி ஒலித்தால் கெடுதிதான்.

இது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1830-களில் பெல்ஜிய வானியலாளர் கெட்டலே, மக்கள்தொகையின் சராசரி மனிதனைத் தேடும்போது கண்ட உறவு இது: வளர்ந்தவர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. நோயாளி ஒருவரை எடைபோட அவர் இதை ஆக்கவில்லை. 1972-இல் அமெரிக்க உடலியங்கியலாளர் ஆன்செல் கீஸும் குழுவினரும் 5 நாடுகளின் ஆண்களை வைத்து, உடற்கொழுப்பைக் காட்டும் தோல்மடிப்புத் தடிமனோடு ஒப்பிட்டு, இருக்கிற விகிதங்களில் இது பரவாயில்லை என்று கண்டு இன்றைய பெயரை வைத்தார்கள். அந்தத் தரவில் பெண்களே இல்லை.

வர்க்கம் என்பதும் ஒரு சமரசம்தான். ஆக்ஸ்ஃபோர்டு கணிதர் டிரெஃபெதன் 2013-இல் அடுக்கை 2.5 ஆக்கி, 1.3-ஆல் பெருக்கச் சொன்னார். அவர் வாய்பாட்டில் 150 செ.மீ. உயரமுள்ளவரின் எண் இப்போதையதைவிட 6 விழுக்காடு கூடும், 180 செ.மீ. என்றால் 3 விழுக்காடு குறையும்.

தெற்காசியர்களுக்குச் சிக்கல் இன்னும் ஆழமானது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே எண், இரண்டு உடம்பு. உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழு ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற கூடுதல் எல்லைகளை அதே ஆண்டில்தான் சொன்னது. மறுபுறம், 175 செ.மீ., 90 கிலோ உள்ள மல்யுத்த வீரருக்கு 29.4 வரும். இந்த எண்ணுக்குத் தசை தெரியாது, வயிற்றுக் கொழுப்பு தெரியாது, 600 மீட்டரில் மூச்சு வாங்குமா என்பதும் தெரியாது.

பாடத்தில் இன்னொன்றும் திருத்த வேண்டும். குறை எடைக்கு 18.5, மிகை எடைக்கு 25, உடற்பருமனுக்கு 30 என்ற எல்லைகள் வளர்ந்தவர்களுக்கு. 19 வயது வரை வயது, பால் வாரியான வளர்ச்சி அட்டவணையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 13 வயதுப் பிள்ளைக்கு 17.5 வந்தால் அது குறையே இல்லாமல் இருக்கலாம்.

ஆகவே என் முன்மொழிவு 'கெட்டலே எண்'. எதையும் அளப்பதாகச் சொல்லிக்கொள்ளாத பெயர்.

முருகேசன்:

டாக்டரம்மா சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் பெல்ஜியக்காரர் பெயரைச் சொன்னால் பெற்றோருக்கு ஒன்றும் புரியாது. பெயர் எடைச் சுட்டெண்ணாக இருக்கட்டும். உடற்தகுதித் தேர்வு என்ற தலைப்பிலிருந்து எடுத்து, உடல் அளவுகள் என்று தனித் தலைப்பில் வையுங்கள். ஓட்டமும் தண்டாலும் தகுதி; உயரமும் எடையும் அளவு.

செல்வி:

அந்தப் பிரிப்பை எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு சொல்லும் நிற்கிறது. பிஎம்ஐ-யோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சுற்றளவு: இடையா, இடுப்பா, வயிறா? ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 என்ற எல்லைக்கு எந்த இடத்தில் அளப்பது?

முருகேசன்:

இடுப்பு என்று மட்டும் போடாதீர்கள். தையல்காரர் இடுப்பு என்பது பேன்ட் கட்டும் இடம். தொப்பை உள்ளவருக்கு அது தொப்பைக்குக் கீழே போய்விடும். அங்கே அளந்தால் எண் குறைந்துவிடும். கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டு, நடுவில் புள்ளி வைத்து, நாடா தரைக்கு இணையாக, இயல்பாக மூச்சு விட்ட முடிவில் படிக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. சட்டைக்கு மேலே அளக்கக் கூடாது.

இளங்கோ:

அதற்கு 'இடை' சரியான சொல். நடுவில் இருப்பது இடை. இரு எலும்புக்கும் இடைப்பட்டது என்ற விளக்கம் பெயரிலேயே இருக்கிறது. தையல்காரர் 'சீட்' என்று சொல்லும் பின்புறச் சுற்றளவை இடுப்பு என்றால் இடை–இடுப்பு விகிதமும் கிடைத்துவிடும்.

பவானி:

இதை முழுமனதாக ஏற்கிறேன். வளர்ந்தவர்களுக்கு இடைச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற விதியையும் சேருங்கள். 160 செ.மீ. என்றால் 80. ஒரு கயிற்றை உயரத்துக்கு வெட்டி இரண்டாக மடித்தால் எண்ணே தேவையில்லை.

செல்வி:

வாக்குகள்: நிறைச் சுட்டெண் நான்கு, எடைச் சுட்டெண் மூன்று, கெட்டலே எண் ஒன்று, உடற்திணிவுச் சுட்டி ஒன்று. மேல்வகுப்பு இயற்பியலோடு முரண்படாதிருக்க 'உடல் நிறைச் சுட்டெண்' பட்டியலில் போகிறது. சந்தி பிரித்தே எழுதப்படும். முதல் இடத்தில் பிஎம்ஐ என்றும் வரும். 'இடைச் சுற்றளவு' ஒருமனதாக. உடற்தகுதி / உடற்றகுதி பற்றி முடிவு இல்லை. வரைவில் இருப்பதுபோல் விடுகிறேன்.

இளங்கோ:

உடற்தகுதி பிழை. என் மறுப்பைப் பதிவில் வையுங்கள்.

பவானி:

என்னுடையதையும் சேர்த்து. அடிக்குறிப்பில் 'இலங்கை வழக்கு: உடற்திணிவுச் சுட்டி' என்று ஒரு வரியாவது வேண்டும். இந்தப் பாடம் இணையத்தில் ஏறினால் எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் படிப்பார்கள்.